கைக்கடிகாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொரிஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, தம்பி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். திரையில் 26 பக்க ஆவணம் ஒன்று திறந்திருந்தது. சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டு, இப்போது உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்ட ஒரு கைக்கடிகாரத்தை ஒரு நிறுவனம் வாங்கிப் பெட்டகத்தில் வைத்திருப்பதாகவும், அதன் மதிப்பை 1,000 டோக்கன்களாகப் பிரித்து ஒன்று 100 டாலர் வீதம் விற்பதாகவும், வாங்குபவரின் உரிமை பிளாக்செயினில் அழிக்க முடியாதபடி பதியப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. தம்பி மேற்குக் கரையில் ஓர் ஓட்டலின் வரவேற்புப் பிரிவில் வேலை பார்க்கிறான். விருந்தினர்கள் கையெழுத்திட மேசைமேல் கை வைக்கும்போது தெரியும் கடிகாரங்களைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறான். வெளிறிய நீல முகப்பைத் தூரத்திலிருந்து பார்த்தே இன்ன மாதிரி என்று சொல்லிவிடுவான். தன் சம்பளத்தில் ஒருபோதும் வாங்க முடியாத ஒரு பொருளில் ஆயிரத்தில் ஒரு பங்காவது தனக்கு உரியது என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற அவனுடைய ஆசையை நான் சிறிதாக நினைக்கவில்லை.

"அக்கா, இது நம்ம பாட்டி நடத்தின சீட்டு மாதிரிதானே? நாலு பேர் சேர்ந்து பணம் போடுறோம், எல்லாருக்கும் பங்கு இருக்கு" என்று கேட்டான். நான் இங்கே எபென் நகரில் வெளிநாட்டு முதலீட்டாளர்களின் நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒரே ஒரு கட்டடத்தையோ ஒரே ஒரு கப்பலையோ வைத்துக்கொள்வதற்காக மட்டும் தொடங்கப்பட்ட நிறுவனங்களின் ஐந்தொகையை ஆண்டுதோறும் தயாரிப்பது என் தொழில். ஆகவே அவன் கேட்டது என் தொழிலுக்குள் வரும் கேள்விதான். அன்று அவனுக்குப் பாதிப் பதிலே சொன்னேன். பிறகு அதே மாதிரியான ஆவணங்களை வேறு இரண்டு உறவினர்களும் அனுப்பிக் கேட்டதால், முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாட்டியின் சீட்டு. எங்கள் தீவின் கிரியோல் மொழியில் அதை இன்றும் "சிட்" என்கிறார்கள். என் காதுக்கு அது நம் சீட்டாகவேதான் கேட்கிறது. பாட்டியிடம் பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருந்தது. பஞ்சாங்கத்துக்கு அடியில் அதை வைத்திருப்பார். யார் எந்த மாதம் கட்டினார், யார் எடுத்துவிட்டார் என்பதெல்லாம் அதில் தமிழ் எழுத்தில், பென்சிலால் இருக்கும். அந்த நோட்டு தொலைந்திருந்தாலும் சீட்டு நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் கட்ட வேண்டியவர் எல்லாரும் அதே தெருவில் இருந்தார்கள். ஒருவர் கட்டவில்லை என்றால் பாட்டி மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார். சீட்டுக்கு உயிர் அந்த நடையில் இருந்தது. தம்பி காட்டிய ஆவணத்தில் மிகச் சிறந்த நோட்டு ஒன்று இருக்கிறது. போய் நிற்க வேண்டிய வாசல் எது என்பதுதான் 26 பக்கத்திலும் தெளிவாக இல்லை.

பிளாக்செயின் என்பது அடிப்படையில் ஒரு பேரேடு. நம் கடைகளில் இருக்கும் பேரேட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதன் படி ஒருவரிடம் மட்டும் இல்லாமல், ஒன்றையொன்று அறியாத ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கிறது என்பது. ஒரு பக்கம் எழுதி முடிந்ததும் அதன் சுருக்கக் குறி ஒன்று கணக்கிடப்பட்டு அடுத்த பக்கத்தின் தலையில் எழுதப்படுகிறது. பழைய பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினாலும் அதற்குப் பின் வரும் எல்லாப் பக்கங்களின் குறிகளும் பொருந்தாமல் போய்விடும் என்பதால், யாருக்கும் தெரியாமல் திருத்துவது நடைமுறையில் முடியாத காரியம். டோக்கன் என்பது அந்தப் பேரேட்டில் ஒருவர் பெயருக்கு நேரே இருக்கும் ஓர் எண். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு பெயருக்குப் பதிலாக இருக்கும் முகவரிக்கு நேரே உள்ள எண். அந்த முகவரியின் இரகசியச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே அந்த எண்ணை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியும். எத்தீரியம் போன்ற பிளாக்செயினில், இந்த மாற்றங்களுக்கான விதிகளை ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற நிரலாக எழுதி வைக்கலாம். 1,000 டோக்கன் என்று அந்த நிரலில் எழுதி, கூட்டுவதற்கு வழி வைக்காமல் விட்டால், 1,001-ஆவது டோக்கனை உருவாக்கியவராலும் வெளியிட இயலாது.

இது சிறிய நன்மை அன்று. இனிகோ பில்பிரிக் என்ற ஓவிய வணிகர் ஒரே ஓவியத்தின் பங்குகளைப் பலருக்கு விற்று, விற்ற பங்குகளின் கூட்டுத்தொகை நூறு சதவீதத்தைத் தாண்டும்படி செய்தார். மொத்த மோசடி 8.6 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்க அரசுத் தரப்பு கூறியது. 2021-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2022-இல் அவருக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவரிடம் பாதி ஓவியத்தை வாங்கியவருக்கு, மறுபாதி எத்தனை பேருக்கு விற்கப்பட்டது என்று பார்க்க வழியே இல்லை. பேரேடு அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. எல்லாரும் பார்க்கக்கூடிய பிளாக்செயின் பேரேட்டில் அந்தப் பங்குகள் பதிவாகியிருந்தால், அந்த ஒரு வழி அவருக்கு அடைபட்டிருக்கும். டோக்கன் முறையைப் பற்றி நான் சொல்லப்போகும் எதிர்க் கருத்துகளைப் படிக்கும்போது இந்த நன்மையையும் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

ஆனால் பேரேட்டுக்குக் கடிகாரத்தைத் தெரியாது. அது எண்களை மட்டுமே அறியும். பெட்டகத்தில் உள்ள கடிகாரம் திருடு போனாலும், உள்ளிருக்கும் இயந்திரம் மாற்றப்பட்டாலும், அந்தக் கடிகாரம் தொடக்கத்திலிருந்தே அங்கே இல்லாவிட்டாலும், பேரேட்டில் 1,000 டோக்கன்கள் அப்படியே நிற்கும். எண்ணுக்கும் பொருளுக்கும் இடையில் ஒரு கயிறு வேண்டும். அந்தக் கயிறு சட்டத்தாலும் மனிதர்களாலும் திரிக்கப்படுவது. வழக்கமாக அது இப்படித்தான் இருக்கிறது: கடிகாரத்தை வாங்குவதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்படும்; கடிகாரம் அந்த நிறுவனத்தின் சொத்து; டோக்கன் வைத்திருப்பவருக்கு அந்த நிறுவனத்தில் பங்கோ, அல்லது கடிகாரம் விற்கப்படும்போது வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கேட்கும் உரிமையோ ஒப்பந்தத்தின் மூலம் தரப்படும். இந்த இரண்டுக்கும் இடையே வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். பங்குதாரர் கணக்கைக் கேட்கலாம், கூட்டத்தில் வாக்களிக்கலாம், இயக்குநரை மாற்றலாம். பணம் கேட்கும் உரிமை மட்டும் உள்ளவர், நிறுவனம் நொடித்துப்போனால் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். தம்பியின் ஆவணத்தில், முகப்புப் பக்கத்தில் "நீங்கள் உரிமையாளர்" என்று இருந்தது. 19-ஆம் பக்கத்தில், சிறிய எழுத்தில், டோக்கன் "விற்பனை வருவாயில் பங்கு கோரும் ஒப்பந்த உரிமை" மட்டுமே என்றும், பொருளின் மீது எவ்வித உடைமை உரிமையும் இல்லை என்றும் இருந்தது. ஆவணத்தை அவனிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அந்த வரியைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

நம் மொரிஷியஸ் ரூபாய்த் தாளும் ஒருவகையில் டோக்கன்தான். அதில் தமிழ் எழுத்து இருப்பதும், 1998-இல் வந்த புதிய தாள்களில் தமிழின் இடம் மாறியதால் எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்டதும் இந்தத் தீவின் தமிழர் எல்லாருக்கும் தெரியும். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்த நாம், டோக்கனில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலும் அதே கவனத்தோடு இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2022-இல், பிரான்சின் போர்தோ வட்டாரத்து ஒயின் பெட்டிகள் சிலவற்றின் டோக்கன்களை ஓர் இணையதளத்தில் வாங்கினேன்: 4 டோக்கன், ஒன்று 250 யூரோ. பெட்டிகள் ஐரோப்பாவில் ஒரு சுங்கக் கிடங்கில், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த அறையின் புகைப்படமும், ஒவ்வொரு பெட்டியின் எண்ணும் இருந்தன. முதல் ஆண்டு, மாதம் ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் ஆண்டின் இறுதியில் கடிதங்கள் நின்றன. பிறகு ஒருநாள் இணையதளம் திறக்கவில்லை. நான் அனுப்பிய மின்னஞ்சல்கள் திரும்பி வந்தன. ஆனால் டோக்கன்களின் சாவியை வைத்திருக்கும் செயலியான என் வாலட்டைத் திறந்தால் 4 என்ற எண் அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது. பிளாக்செயின் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது.

பெட்டி எண்கள் என்னிடம் இருந்ததால், கிடங்கின் பெயரைத் தேடிப் பிடித்து அவர்களுக்கு எழுதினேன். இரண்டு நாளில் ஓர் அம்மையார் மிகுந்த கனிவோடு பதில் எழுதினார். நீங்கள் சொல்லும் பெட்டிகள் இங்கேதான் இருக்கின்றன; எங்கள் பதிவேட்டில் உரிமையாளர் என்ற கட்டத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, உங்கள் பெயர் இல்லை; ஏழு மாத வாடகை பாக்கி இருப்பதால் அது தீரும்வரை பெட்டிகளை யாருக்கும் தர இயலாது; இதுதான் அவர் எழுதியதன் சாரம். அந்த மின்னஞ்சலை நான் பலமுறை படித்திருக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. கிடங்கு எந்தப் பேரேட்டைப் பார்க்கும் என்பதை நான் பணம் கட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். கிடங்கு தன் சொந்தப் பேரேட்டைத்தான் பார்க்கும். இப்போது அந்த நிறுவனம் கலைப்பில் இருக்கிறது. கோரிக்கைப் படிவம் அனுப்பியிருக்கிறேன். 1,000 யூரோவில் ஒரு சதமும் இதுவரை வரவில்லை.

பலர் சேர்ந்து ஓர் அரும்பொருளை வாங்குவது தவறான எண்ணம் என்று நான் சொல்ல வரவில்லை. போர்ட் லூயிஸ் கோதான் துறைமுகத்துக்குப் போனால் அதற்கு மிக நல்ல சான்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. 1847-இல் இந்தத் தீவில் வெளியான "போஸ்ட் ஆபீஸ்" அஞ்சல் தலைகளில் ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் என்று வகைக்கு 500 வீதமே அச்சாயின. ஜோசப் பார்னார்டு என்பவர் செதுக்கியவை. ஒரு பென்னி தலைகளில் பல, ஆளுநரின் மனைவி கோம் சீமாட்டி நடத்திய நடன விருந்தின் அழைப்பிதழ்களில் ஒட்டப்பட்டுப் போயின. இரண்டு வகையும் சேர்த்து இன்று உலகில் அறியப்பட்டவை 27 மட்டுமே. 1993-இல் ஏலத்துக்கு வந்தபோது, மொரிஷியஸ் கமர்ஷியல் வங்கியின் தலைமையில் நம் நாட்டு நிறுவனங்கள் சில ஒன்றுசேர்ந்து ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கு, வகைக்கு ஒன்றாக இரண்டு தலைகளை வாங்கி, ஏறத்தாழ 150 ஆண்டுக்குப் பின் ஊருக்குக் கொண்டுவந்தன. 2001-இல் புளூ பென்னி அருங்காட்சியகம் திறந்தது. ஒளி பட்டால் மை வெளிறும் என்பதால் உண்மையான தலைகளுக்கு ஒவ்வொரு மணியிலும் சில நிமிடமே விளக்கு எரியும். மற்ற நேரம் நகல்களைத்தான் பார்க்கலாம். நான் போனபோது விளக்கு எரியும் நேரத்துக்காக ஒரு பள்ளிக்கூட வகுப்பே பேழையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. அங்கே டோக்கன் எதுவும் இல்லை. வாங்கியவர் யார், வைத்திருப்பவர் யார், வாசல் எது என்பது எல்லாருக்கும் தெரிகிறது. லாபத்துக்கு விற்பதற்காக அவர்கள் வாங்கவும் இல்லை.

அதற்கு நேர் எதிரான கதையும் ஓர் அஞ்சல் தலையின் கதைதான். பிரிட்டிஷ் கயானாவில் 1856-இல் வெளியான ஒரு சென்ட் மெஜந்தா தலை உலகில் ஒன்றே ஒன்று இருக்கிறது. 2014-இல் அது ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2021-இல் லண்டன் அஞ்சல் தலை வணிகரான ஸ்டான்லி கிப்பன்ஸ் அதை 83 லட்சம் டாலருக்கு வாங்கியது. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 60 லட்சம் பவுண்டு. பிறகு அந்தத் தலையை 80,000 பங்குகளாகப் பிரித்து, ஒன்று 100 பவுண்டு என்று பொதுமக்களுக்கு இணையத்தில் விற்பனைக்கு வைத்தார்கள். பெருக்கிப் பாருங்கள்: 80 லட்சம் பவுண்டு. ஒரே பொருள், சில மாத இடைவெளி, முழுதாக வாங்கினால் 60, துண்டாக வாங்கினால் 80. அதிலும் ஏழாண்டு முன் விற்ற விலையைவிடக் குறைந்த விலைக்குப் போன பொருள் அது. 2023 டிசம்பரில் அந்த வணிகக் குழுமமே நொடித்து, நொடிப்பு நிர்வாகிகளின் கைக்குப் போய், அதன் தொழில் வேறொரு குழுமத்துக்கு விற்கப்பட்டது. சில்லறையாக வாங்குகிறவர் மொத்தமாக வாங்குகிறவரைவிடக் கூடுதலாகக் கொடுப்பது வெங்காயத்திலும் உண்டு. ஆனால் வெங்காயத்தின் மொத்த விலை நமக்குத் தெரியும்.

விலை எப்படித் தெரிகிறது என்பதே ஆடம்பரப் பொருள்களில் எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி என்பது என் கருத்து. அம்மா தன் அட்டிகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்திருக்கிறார். அதில் உள்ள பொன்னின் விலையை இன்று மாலை கிராம் கணக்கில் சொல்லிவிடலாம். ஒரு கிராம் பொன்னுக்கும் இன்னொரு கிராம் பொன்னுக்கும் வேற்றுமை இல்லை. ஆகவே பொன்னை டோக்கனாக்குவது ஒப்பளவில் எளிது. ஒரு டோக்கன் ஒரு ட்ராய் அவுன்ஸ் (ஏறத்தாழ 31 கிராம்) என்று வைத்து லண்டன் பெட்டகத்தில் பொன் கட்டிகளை வைத்திருக்கும் பாக்ஸ் கோல்டு போன்றவை சில ஆண்டுகளாகவே நடக்கின்றன. கைக்கடிகாரமோ கைப்பையோ ஓவியமோ அப்படி இல்லை. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு கடிகாரங்களில், ஒன்று அசல் பெட்டியும் உத்தரவாதச் சீட்டும் உள்ளது, மற்றொன்றின் முகப்பு பழுது பார்க்கும்போது மாற்றப்பட்டது என்றால், விலை எங்கோ போய்விடும். அடுத்த முறை விற்கும்வரை அதன் விலை என்பது ஒருவருடைய மதிப்பீடு மட்டுமே. அந்த ஒருவர் பெரும்பாலும் டோக்கனை விற்பவராகவே இருக்கிறார்.

ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. கைக்கடிகாரங்களின் மறுவிற்பனை விலை 2022-இன் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கியது. நைட் பிராங்க் நிறுவனம் வெளியிடும் ஆடம்பரப் பொருள் முதலீட்டுக் குறியீடு 2024-இல் 3.3 சதவீதம் குறைந்தது. ஓவியங்கள் மட்டும் 18 சதவீதத்துக்கு மேல் விழுந்தன. முதலிடத்தில் நின்ற கைப்பைகளே 2.8 சதவீதம்தான் உயர்ந்தன. தம்பியின் ஆவணத்தில் இருந்த வரைபடம் 2016-இல் தொடங்கி 2022 மார்ச்சில் முடிந்திருந்தது. ஏன் அங்கே நின்றது என்று அவனே கேட்டான்.

அதே ஆவணத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டோம். கடிகாரத்தை நிறுவனம் 80,000 டாலருக்கு வாங்கியதாக 11-ஆம் பக்கத்தில் இருக்கிறது. விற்பது 1,000 டோக்கன், மொத்தம் 100,000 டாலர். பெட்டகம், காப்பீடு, நிர்வாகம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர். ஐந்தாண்டு கழித்து விற்பதாக வைத்தால் 10,000, இது இறுதி விற்பனைத் தொகையிலிருந்து கழிக்கப்படும். விற்கும்போது ஏலத் தரகு 8 சதவீதம். இவையெல்லாம் போக, டோக்கன் வாங்கியவர்களுக்குப் போட்ட 100,000 டாலர் மட்டும் திரும்பி வர வேண்டுமென்றால், கடிகாரம் 119,500 டாலருக்குச் சற்று அதிகமாக விற்க வேண்டும். அதாவது, நிறுவனம் வாங்கிய விலையிலிருந்து கிட்டத்தட்டப் பாதியளவு, ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேலாக, ஐந்தாண்டும் தொடர்ந்து ஏற வேண்டும். அப்போதும் கையில் வருவது போட்ட முதல் மட்டுமே. அதற்கு மேல் வரும் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு நிறுவனத்துக்கு. இந்தக் கணக்கை அம்மாவின் மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் எழுதினோம். தம்பி அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

நடுவில் பணம் தேவைப்பட்டால் டோக்கனை விற்றுக்கொள்ளலாம் என்பதும் ஆவணத்தின் வாக்குறுதி. டோக்கனை மாற்றுவது சில நொடி வேலை என்பது உண்மை; அதை வாங்க ஒருவர் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். 1,000 டோக்கன் மட்டுமே உள்ள ஒரு பொருளுக்கு நாள்தோறும் சந்தை நடக்காது. பரிமாற்றக் கட்டணமும் சிறு தொகைக்காரரையே கடிக்கும். 2021 நவம்பரில் அமெரிக்க அரசியல் சாசனத்தின் அச்சுப் படி ஒன்றை ஏலத்தில் எடுக்க ஆயிரக்கணக்கானோர் எத்தீரியத்தில் 4.7 கோடி டாலர் சேர்த்துத் தோற்றபோது, சிறு தொகை கொடுத்த பலருக்குத் திரும்ப வரவேண்டிய பணத்தைவிட அதை மாற்றுவதற்கான கட்டணம் பெரிதாக இருந்தது.

இந்த முறையை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2021-இல் சுவிட்சர்லாந்தின் சிக்னம் வங்கி, பிக்காசோவின் "தொப்பி அணிந்த சிறுமி" ஓவியத்தை 4,000 டோக்கன்களாக, ஒன்று 1,000 பிராங்க் வீதம் வெளியிட்டது. அங்கே வெளியிட்டது உரிமம் பெற்ற வங்கி. அதே ஆண்டு அந்நாட்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், பேரேட்டில் பதிந்த உரிமையையே சட்டப்படியான பத்திரமாக ஏற்கிறது. பேரேட்டில் மாறினால் உரிமையும் மாறுகிறது, பேரேட்டுக்கு வெளியே அது மாறாது. என் ஒயின் பெட்டிகளில் இல்லாமற்போன கயிறு அங்கே நாடாளுமன்றத்தால் திரிக்கப்பட்டிருக்கிறது. ஓவியத்தின் விலை ஏறுமா என்பதற்கு அந்தச் சட்டமும் பொறுப்பேற்காது. ஆனால் யார் உரிமையாளர் என்ற வழக்கு எழ வாய்ப்புக் குறைவு.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. மெய்நிகர் சொத்து மற்றும் தொடக்க டோக்கன் வெளியீட்டுச் சேவைகள் சட்டம் 2021-இல் நிறைவேறி, 2022 பிப்ரவரி 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. டோக்கன் சந்தை நடத்துபவரும், பிறருடைய டோக்கன்களைக் காப்பவரும், தொடக்க வெளியீடு செய்பவரும் நிதிச் சேவைகள் ஆணையத்திடம் உரிமமோ பதிவோ பெற வேண்டும். டோக்கன் பங்குப் பத்திரத்தின் இயல்பு உடையதாக இருந்தால் அது 2005-ஆம் ஆண்டின் பத்திரங்கள் சட்டத்தின் கீழ் போய்விடும். இந்தப் பிரிவினையை ஆவணம் எழுதுகிறவர்கள் நன்றாக அறிவார்கள். "இது முதலீடு அன்று, சேகரிப்புப் பொருள்" என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, நான்காம் பக்கத்தில் எதிர்பார்க்கும் லாபத்தைப் போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் விற்கும் நிறுவனம் நம் ஆணையத்தின் பார்வைக்குள் வராமலும் இருக்கலாம். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. பெயரைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். உரிமம் பெற்றவரிடம் வாங்கினாலும், டோக்கனில் இழந்த பணத்துக்குச் சட்டப்படி இழப்பீட்டு நிதி எதுவும் இங்கே இல்லை என்பதையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

ஆடம்பரப் பொருள் உலகில் பிளாக்செயின் எனக்கு மனநிறைவு தரும் இடம் வேறு ஒன்று. 2021-இல் ஆடம்பரப் பொருள் நிறுவனங்களான எல்விஎம்எச், பிராடா, கார்ட்டியே ஆகியவை சேர்ந்து ஆரா என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. பொருள் தொழிற்கூடத்தை விட்டு வெளியேறும்போதே அதற்கு ஒரு மின்சான்றிதழ் பதியப்படுகிறது. கை மாறினால் சான்றிதழும் மாறலாம். இங்கே எண்ணையும் பொருளையும் இணைப்பவர் பொருளைச் செய்தவரே. பயன்படுத்திய கைப்பையை வாங்குகிற ஒருவர் அது போலியா என்று அறிய இது உதவும்; யாரும் அதில் லாபத்தை வாக்களிக்கவில்லை. தம்பிக்கும் அதைச் சொன்னேன்: என்றாவது ஒருநாள் நீ ஒரு முழுக் கடிகாரத்தை உன் கைக்கு வாங்கும்போது, இந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேள்.

அவன் இன்னும் அந்த 100 டாலர் டோக்கனை முழுதாக மறந்துவிடவில்லை. ஆகவே சென்ற வாரம் இருவரும் சேர்ந்து அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம். மூன்று கேள்விகள். பெட்டகக் காப்பாளரின் பதிவேட்டில் கடிகாரத்தின் உரிமையாளராக எந்தப் பெயர் இருக்கிறது, அந்தப் பதிவின் நகலை அனுப்ப முடியுமா? உங்கள் நிறுவனம் மூடப்பட்டால், டோக்கன் வைத்திருப்பவர்கள் சார்பில் கடிகாரத்தை எடுத்து விற்கும் அதிகாரம் யாருக்கு, எந்த நாட்டு நீதிமன்றத்தில்? 80,000-க்கு வாங்கியதை 100,000-க்கு விற்பதற்கு, உங்களைச் சாராத மதிப்பீட்டாளர் ஒருவரின் கையெழுத்திட்ட அறிக்கை இருக்கிறதா?

மறுநாளே பதில் வந்தது. மதிப்பீட்டை அவர்களுடைய சொந்த நிபுணர் குழுவே செய்ததாக எழுதியிருந்தார்கள். நீதிமன்றத்தைப் பற்றிய கேள்விக்கு ஒப்பந்தத்தின் 22-ஆம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் நாங்கள் இருவரும் கால் வைத்திராத ஒரு தீவின் பெயர் இருந்தது. பெட்டகப் பதிவின் நகலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் தனியாக மீண்டும் அனுப்பிவிட்டு, நேற்று இரவு வரை காத்திருந்தோம். வெளியீடு இந்த வெள்ளிக்கிழமை மூடுகிறது. தம்பியின் பணம் இப்போதைக்கு அவன் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது.